மூணு மணிக்குள்ள கழட்டணும்

செம்மேட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. ராஜேஸ்வரி கை வைத்தால் சரியாகும் என்று நாலு பேர் சொல்கிறார்கள். நான் ஏன் மறுக்க வேண்டும்? தற்பெருமை என்றால் தற்பெருமைதான்.

அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கலைமணி லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு மழையில் ஓடிவந்தாள். எங்கள் மலையில் எடப்புளி நாடு என்று சொல்லும் பகுதிப் பெண். வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை கம்பெனிக்கு மூன்று வருடம் வேலை பார்த்தவள். போன மாதம் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவளையும் நிறுத்திவிட்டது. லேப்டாப்பை நீயே வைத்துக்கொள் என்று கடிதம் மட்டும் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, மூணு மணிக்கு வேற கம்பெனி இன்டர்வியூங்க. சொந்த லேப்டாப் இருக்கறவங்களத்தான் எடுப்பாங்களாம். இதுல கேமராவே தொறக்க மாட்டேங்குதுங்க."

பார்த்தேன். பழைய கம்பெனியின் கண்காணிப்பு சாஃப்ட்வேர் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுக்கும். ஐந்து நிமிடம் கீபோர்டில் கை படாவிட்டால் ‘எங்கே போனீர்கள்?’ என்று கேட்கும். கேமராவை வேறு எதற்கும் விடாது.

"மூணு வருசம் இதுங்கூடவா குப்பை கொட்டுன?"

"பழகிப்போச்சுங்கக்கா. பாப்பா அழுதாக்கூட ஒரு கையில தட்டிக்கிட்டேதான் தூக்குவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆள வேலைக்கு வெச்சானுகளா, காவல்ல வெச்சானுகளா? உக்காரு கண்ணு, பத்தே நிமிசம்."

கடிதத்தோடு கம்பெனி கொடுத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு அன்இன்ஸ்டால் செய்தேன். போயே போச்சு என்று சொல்லி டீயும் வாங்கி வரச் சொன்னேன். ஒரு வாய் குடிப்பதற்குள் திரையின் மூலையில் அதே சின்னம். நெட் கிடைத்ததும் திரும்பி வந்துவிட்டது.

என் மூக்கு உடைந்தது. கலைமணிக்கு முகம் செத்துப்போனது.

"விடுங்கக்கா, என் தலையெழுத்து."

"தலையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது!"

அவசரத்தில் தப்புச் செய்தது நான்தான். லேப்டாப் இன்னமும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருந்தது. பட்டியலில் உள்ள மெஷினில் அந்த சாஃப்ட்வேர் இல்லையென்றால், அவர்கள் சர்வர் தானாகவே திரும்பப் போட்டுவிடும். முதலில் பட்டியலில் இருந்து பெயரை எடுக்க வேண்டும். அதை அவர்கள்தான் செய்ய முடியும். கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"மெயில் அனுப்புங்க மேடம். மூணு நாள் ஆகும்" என்றார் எடுத்தவர்.

"ஏனுங்க, நீங்க கையெழுத்துப் போட்ட கடுதாசி என் கையில இருக்குதுங்க. மெசினு இந்தப் புள்ளையோடது. அடுத்தவங்க ஊட்டு மெசின்ல இருந்து இன்னும் படம் புடிக்கறீங்களே, இதுக்கு என்ன பேருங்க? அந்தப் பேர எழுதி ஸ்டேசன்ல குடுக்கட்டுங்களா, இல்ல இப்பவே லிஸ்ட்ல இருந்து எடுக்கறீங்களா?"

எங்கள் பக்கத்தில் ‘ங்க’ போட்டுத் திட்டினால் சூடு அதிகம். இருபது நிமிடத்தில், எடுத்துவிட்டோம் என்று மெசேஜ் வந்தது.

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். நெட்டைத் துண்டித்தேன். ஆபீஸ் அக்கவுண்டைக் கழற்றினேன். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு சாஃப்ட்வேரை எடுத்தேன். மெஷின் கிளம்பும்போது தானாகக் கிளம்புகிறவற்றில் அதன் பெயரை அழித்தேன். மிச்சமிருந்த ஃபோல்டரையும் துடைத்தேன். அணைத்துப் போட்டு நெட்டைக் கொடுத்துவிட்டு, அரைமணி நேரம் இருவரும் திரையின் மூலையையே பார்த்தபடி இருந்தோம். வரவில்லை. கேமராவைத் திறந்தால் கலைமணி தெரிந்தாள். அப்பாடா!

மூன்று மணிக்கு என் கடையிலேயே இன்டர்வியூ. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓரமாக நின்றேன். கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். திரையில் கேள்வி கேட்ட அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம் கலைமணி. திங்கக்கிழமை சேர்ந்துடலாம். ஒரு லிங்க் அனுப்பறோம். எங்க மானிட்டரிங் சாஃப்ட்வேரை உங்க லேப்டாப்ல போட்டுக்கங்க."

இவள் தலையாட்டிவிடுவாள், பாவம், வேறு என்ன செய்வாள் என்று நினைத்தேன்.

கலைமணி நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேலை நல்லாவே செய்வேனுங்க மேடம். கண்காணிக்கணும்னா உங்க மெசினு ஒண்ணு அனுப்பி அதுல போட்டுக்கங்க. இது என்னுதுங்க. இதுல போட மாட்டேன்."

"சொந்த லேப்டாப் இருக்கணும்னு சொல்லியிருந்தோமே?"

"இருக்குதுங்க. அதனாலதான் சொல்றேன்."

அடிப்பாவி, கைக்கு வந்த வேலை போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த அம்மா மைக்கை அணைத்துவிட்டு யாரிடமோ பேசினார். கலைமணி மடியில் கைகளை இறுக்கிக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

"கூரியர் உங்க ஊர் வரைக்கும் வருமா, கலைமணி?"

"வருமுங்க!" என்று கத்தியது நான்தான்.