ஊசிக்கு ஊசி ஆறடி

…ஊசிக்கு ஊசி பிடித்தால் ஆறடி, ஒரு விரல்கூடக் குறையாத ஆறடி, ஆனால் ஊசியா மூச்சு விடுகிறது என்று தோன்றியதும் அவள் அளவு நாடாவைச் சுருட்டி மறுபடியும் பிரித்தாள், இந்த முறை ஒரு நாற்காலியின் ஓரத்திலிருந்து ஒன்று விட்டு அடுத்த நாற்காலியின் ஓரம் வரை, நாலரை அடி. ஒன்றரை அடியை யார் விழுங்கினார்கள்? அதே தையல் கூடம், அதே நாடா, பிடிக்கிற இடம்தான் வேறு… ஒரு மெஷின் விட்டு ஒரு மெஷின் ஓட்டினால் வரிசைக்குப் பத்து, ஆறு வரிசைக்கு அறுபது பேர். இரண்டிரண்டு மெஷின் விட்டால் வரிசைக்கு ஏழு, நாற்பத்திரண்டே பேர். நடுவில் தொங்குகிறார்கள் பதினெட்டு பேர். அவர்கள் திங்கட்கிழமை வேலைக்கு வருவதும் வீட்டிலேயே கிடப்பதும் இவள் நாடாவின் நுனியை எங்கே வைக்கிறாள் என்பதில் இருக்கிறது, பன்னிரண்டு மணிக்குள் வரைபடத்தில் குறி போட்டு, சூப்பர்வைசர் என்று எழுதியிருக்கிற இடத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்ப வேண்டும். "ஆறடின்னுதாம்மா உத்தரவுல இருக்கு, எங்கேருந்து எங்கேன்னு இல்லை, நீ பார்த்துக்கோ" என்று முதலாளி காலையில் போனில் சொன்னார். நீ பார்த்துக்கோ… மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் எங்கேதான் இந்த வார்த்தையைப் படித்துவிட்டு வருகிறார்களோ.

தொற்றுக்குப் பயந்து இரண்டரை மாதமாகப் பூட்டிக்கிடந்த கூடம், துணி போர்த்திய நூற்றிருபது மெஷின்கள், அவளுடைய செருப்புச் சத்தமே அவளுக்கு யாரோ பின்னால் வருவதுபோல் இருந்தது, இங்கே அமைதி என்று ஒன்று உண்டு என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது, ஓடுகிற நாட்களில் காது அடைத்துப்போகும், பக்கத்து மெஷினிடம் ஊசி கேட்பதற்குள் தொண்டை கட்டிவிடும். ஒன்பதாவது நாற்காலிக்கு வந்ததும் நாடா தானாக நின்றது. காலர்க்காரி. இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் தங்காது, தைக்கிற இடம்தான் பெயர், காலர்க்காரி, பாக்கெட்காரி, கைக்காரி… அறுபது என்றால் ஒன்பதாம் நம்பர் உண்டு, நாற்பத்திரண்டு என்றால் கிடையாது. முந்தாநாள்கூட அவள் கூப்பிட்டாள், "அக்கா, டிவில ஒருத்தர் தொறக்கணும்ங்கிறாரு, ஒருத்தர் கூடாதுங்கிறாரு, ரெண்டு பேரும் நல்லா சாப்பிட்டு வந்து உக்காந்திருக்காங்க, நீங்க சொல்லுங்க, எப்போ?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் லேசாக உடைந்தது, வண்டி ஓட்டுகிற புருஷனும் வீட்டில்தான் முடங்கிக் கிடக்கிறான். அக்கா என்ன சொல்வாள்? பார்க்கலாம்மா என்றாள். நீ பார்த்துக்கோ என்பதற்கும் பார்க்கலாம்மா என்பதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், அது தினமும் போனில் வருகிறது. திறந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் டிவியில் இருக்கிறார்கள், வீட்டில் மாமனாரும் இருக்கிறார், ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தபடி, நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சுக்கு நின்று நின்று அத்தனை பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டு… கொஞ்ச நாளாக எல்லாரும் வயதானவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அவர்களைக் காப்பாற்ற எத்தனை நாள் அடைத்து வைப்பது என்று, அவர் காதுபடவே. நேற்று அவள் மாத்திரை கொடுக்கும்போது சட்டென்று டிவியை அணைத்துவிட்டு, "என்னைச் சாக்கு வெச்சு யார் பொழைப்பையும் கெடுத்துடாதம்மா" என்றார், அவள் காதில் விழாத மாதிரி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். இருபது வருடத்தில் அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அவருக்காகத்தான் நாற்பத்திரண்டா? சொல்லத்தான் வேண்டும், பாதி அவருக்காகத்தான். அப்படியென்றால் பதினெட்டு பேரை ஒரு ஆளுக்காக… இல்லை, அந்தப் பதினெட்டு பேர் வீட்டிலும் கட்டில் இருக்கும்தானே, அதில் யாராவது சாய்ந்திருப்பார்கள்தானே. நியாயம் எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பதினொன்றரைக்கு, நாற்காலி ஓரத்துக்கு ஓரம்தான் ஆறடி என்றே முடிவு செய்தாள். நாற்பத்திரண்டு. காலர்க்காரியை வாரம் விட்டு வாரம் மாற்றி வரச் சொல்லலாம், ஏழாம் நம்பரில் உட்காரட்டும், திட்டினால் திட்டட்டும். குறி போட்டு முடித்ததும் மனசு கொஞ்சம் லேசானது, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வரிசையோடு நடந்தாள், பழக்க தோஷம், கால் தானாகவே முதல் மெஷினில் நின்றது, இடுப்பு தானாகவே குனிந்தது, ஆள் இல்லாத நாற்காலியின் தோளுக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய்த் தையலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், அடுத்தது நாலாவது, குனிந்தாள், ஏழாவது… காதோடு வாயை வைத்துத்தானே சொல்வாள், நூல் தளருது பாரு, ஓரம் இழுக்குது பாரு என்று, இந்தச் சத்தத்தில் வேறெப்படிச் சொல்வது? ஒரு சாண்கூட இருக்காது. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை, ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று, சாயங்காலம் வரைக்கும், அப்புறம் நேராக வீடு, கட்டில், மாத்திரை, தலையணையைச் சரிசெய்ய அவர் மேல் குனிவது… அவள் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு குறி. சூப்பர்வைசருக்கு நாற்காலி கிடையாது, அதனால் கட்டமும் கிடையாது.

போன் அடித்தது. முதலாளி.

"என்னம்மா, முடிஞ்சுதா? எத்தனை?"

"இருங்க சார், ஒண்ணு விட்டுப்போச்சு."

"எந்த மெஷின்?"

"மெஷின் இல்லை சார்… ஆளு."

யார் என்று அவர் கேட்பது கேட்டது. அவள் நாடாவின் ஒரு நுனியை ஏழாம் நம்பர் நாற்காலியின் ஓரத்தில் வைத்தாள், இன்னொரு நுனி கையில்தான் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.