ஒரு படித் தவிடு

கடிகாரத்தில் மணி பத்து நாற்பது. அது ஐந்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்றார் கள்ளக்குறிச்சி குழந்தைகள் இல்லத்தின் வாட்ச்மேன். அவரை நம்பினால் எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

பதினொரு மணிக்கு வாசலில் நிற்கும் அம்பாசிடர் கோர்ட்டுக்குக் கிளம்பும். அதில் டென்மார்க்கிலிருந்து வந்திருக்கும் கிர்ஸ்டன் அம்மாளும் அவர் கணவரும் போவார்கள். கூடவே என் அக்காவின் ஐந்து மாதப் பெண் குழந்தையும் போகும். ஜட்ஜ் கையெழுத்துப் போட்டால் குழந்தைக்கு டென்மார்க்.

அதை நிறுத்த அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'இது என் குழந்தை.'

"கடைசியா கேக்கறேன்மா," என்றார் இல்லத்தின் பொறுப்பாளர் கண்ணகி மேடம். "இது உன் குழந்தையா, இல்லியா?"

"இல்லீங்க," என்றாள் அக்கா.

மடியில் ஒரு துணி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு படித் தவிடு இருந்தது.

அக்கா அம்சவள்ளிக்கு இதற்கு முன் இரண்டு பிறந்து, இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எமனை ஏமாற்றுவது. அவர் எருமையில் வருகிறவர் என்பதால் முடியும் என்று ஒரு நம்பிக்கை. பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்திவிட வேண்டும். வேறொருத்தி வந்து அநாதைப் பிள்ளை என்று எடுக்க வேண்டும். பெற்றவள் ஒரு படித் தவிடு கொடுத்து, அவளிடமிருந்து அதை விலைக்கு வாங்க வேண்டும். தவிட்டுக்கு வாங்கியதை எமன் சீந்த மாட்டார். ஆனால் 'என் குழந்தை' என்று பெற்றவள் வாய் திறந்தால் எல்லாம் போச்சு.

குப்பைமேட்டிலிருந்து எடுக்க வேண்டியவள் ரங்கம்மாள். அவள் வரும்வரை புளியமரத்தடியில் நின்று நாயும் பன்றியும் அண்டாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பி.ஏ. இரண்டாம் வருஷம் படிப்பவனுக்கு ஊர் கொடுத்த முதல் உத்தியோகம்.

நான் பீடி குடிக்க மதகுக்குக் கீழே இறங்கினேன்.

ஒரு பீடிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். வெள்ளிமலை ரோட்டில் ஒரு ஜீப் நிற்க, ஒருவர் இறங்கி, குழந்தையைத் தூக்கி, ஜீப் திரும்பிக் கீழே போக ஆகும் நேரம். நான் மேலே ஏறி வந்தபோது புழுதிதான் இருந்தது.

நாலு தடியன்கள் வந்தார்கள், மல்லுக்கட்டினேன், தள்ளிவிட்டுப் போனார்கள் என்று வீட்டில் சொன்னேன். முழங்காலை நானே கல்லில் தேய்த்து வைத்திருந்தேன். பச்சை உடம்புக்காரி ஒரு வாரம் அந்தக் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

போலீசுக்குப் போனால் குழந்தையைக் குப்பையில் போட்டதற்கு நம்மேலேயே கேஸ் என்று அக்கா புருஷன் முனியன் மாமா பயந்தார். ஆத்தூர், சேலம் என்று ஜீப்பைத் தேடி அலைந்தோம். நாலு நாளுக்கு முன்புதான் கச்சிராயபாளையம் டீக்கடையில் அதன் டிரைவர் அகப்பட்டு, குழந்தையை இந்த இல்லத்தில் சேர்த்ததைச் சொன்னார். மாமா இப்போதும் பயம் தெளியாமல் கேட்டுக்கு வெளியே குந்தியிருந்தார்.

"பேப்பர்ல போட்டமே, யாரும் வரலியே," என்றார் மேடம்.

"எங்க ஊருக்குப் பேப்பர் கருவாடு மடிச்சிதாங்க வரும்," என்றேன். "அதுக்கு ரெண்டு மாசம் ஆவும்."

மேடம் சிரிக்கவில்லை. நான் அக்கா பக்கம் குனிந்தேன்.

"க்கா, ஒரு வார்த்தைதான? மெதுவா சொல்லு. எமன் காதுல வுழாது."

"நீ சும்மா கெட. ரெண்ட என்னுதுன்னு சொல்லித்தான் குழிக்குக் குடுத்தேன். எங்கியோ உசுரோட இருந்தா போதும்டா. நான் சொல்லமாட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு வந்த?"

"வாங்கிக்கினு போவத்தான்."

எதிர் நாற்காலியில் கிர்ஸ்டன் அம்மாள் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார். அதன் தலையில் மஞ்சள் கம்பளிக் குல்லா. கள்ளக்குறிச்சி வெயிலில் டென்மார்க் குளிருக்கு ஒத்திகை. ஒரு குழந்தைக்காக ஏழு வருஷம் காத்திருந்தார்களாம்.

அவர் மேடத்திடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார்.

"நீ இன்னா படிக்கற?"

"பி.ஏ. இங்கிலீஷ்ங்க."

"அது கெடக்கட்டும். இங்கிலீஷ் வருமா?"

"கொஞ்சங்க."

"அவங்க கேக்கறது உன்னதான். நீயே பதில் சொல்லு."

கேள்வி எனக்கும் புரிந்திருந்தது. இவள் தாய் இல்லையென்றால் ஏன் வந்தாள்? தாய் என்றால் ஏன் குப்பையில் போட்டாள்?

அந்த நாலு தடியன்களை இங்கிலீஷில் கொண்டுவர என்னால் முடியும். கொண்டுவந்தால், குப்பையில் தனியாகக் கிடந்தது என்ற இவர்கள் கோப்போடு ஒட்டாது; மற்றதையும் நம்பமாட்டார்கள். கடிகாரம் பத்து ஐம்பத்தைந்து காட்டியது. செத்துப்போன இரண்டையும் எமனையும் தவிட்டையும் ரங்கம்மாளையும் வரிசையாகச் சொன்னேன். இலக்கணம் எங்கெங்கோ ஒடிந்தது. காவலுக்கு நின்றவன் நான், இறங்கிப் போனவனும் நான், தடியன் யாரும் வரவில்லை என்றேன். பீடிக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. பீடி என்றே சொன்னேன்.

மொத்தப் பேச்சில் பெயர்களைத் தவிர அக்காவுக்குப் புரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பார்த்தாள். எழுந்து கிர்ஸ்டன் அம்மாள் முன்னால் போய் நின்று முடிச்சை அவிழ்த்தாள்.

"குடுக்கச் சொல்லு," என்றாள். என் பெயர் சொல்லவில்லை, டேய் கூடச் சொல்லவில்லை. "எடுத்து வச்சிருக்கறவங்க கையாலதான் வாங்கணும்."

மொழிபெயர்த்தேன். ஒரு படித் தவிட்டுக்கு உங்கள் குழந்தையை விலைக்குக் கேட்கிறாள் என்று ஒரு வெள்ளைக்காரியிடம் சொல்வதற்கு எந்தப் பாடப்புத்தகமும் என்னைத் தயார் செய்திருக்கவில்லை.

வெளியே அம்பாசிடர் ஹாரன் அடித்தது. "மணியாச்சு, கிளம்பலாம்," என்று மேடம் எழுந்தார். அந்தக் கணவர் கைப்பையை எடுத்தார். டிரைவர் இன்னொரு தடவை அடித்தான்.

கிர்ஸ்டன் அம்மாள் எழுந்து நின்றார். குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். அக்கா தவிட்டை நீட்டியபடியே நின்றாள்.

கிர்ஸ்டன் அம்மாள் நின்றார். திரும்பாமலே என்னிடம் கேட்டார். செத்துப்போன இரண்டு பேருக்கும் பெயர் வைத்திருந்தார்களா?

கேட்டேன்.

"அமிர்தம்," என்றாள் அக்கா. "ரெண்டாவது பூமாலை."

அந்தப் பெயர்களை வீட்டில் யாரும் சொல்வதில்லை. கிர்ஸ்டன் அம்மாள் இரண்டையும் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்தார். தன் கணவரிடம் அவர்கள் பாஷையில் கொஞ்சம் பேசினார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

கிர்ஸ்டன் அம்மாள் தன் தோல் பையைத் திறந்து அக்கா முன் நீட்டினார். உள்ளே பாஸ்போர்ட், விமான டிக்கெட், ஒரு பால் பாட்டில். அவற்றின் மேல் தவிடு முழுவதும் விழுந்தது. அதன் பிறகுதான் குழந்தை கை மாறியது. குல்லாவைக் கழற்றிக் கொடுக்க அக்கா போனாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னிக்கே தூக்கிக்கினு போவ முடியாதும்மா," என்றார் மேடம். "பிரசவம் பாத்த அம்மா வந்து சொல்லணும். கோர்ட்டுக்கு எழுதணும். மூணு வாரம் ஆவும். பெத்தவ வாயத் தொறக்கமாட்டா. தாய்மாமன் நீ எழுதிக் குடு. காவல வுட்டுட்டு எதுக்குப் போனன்றதையும் எழுது."

எழுதினேன். அரசாங்கக் கோப்பில் என் எழுத்து முதன்முதலாக ஏறியது அப்படித்தான்.

எடுத்தவர் பெயர் வைப்பதும் எங்கள் வழக்கம் என்பதால் கிர்ஸ்டன் அம்மாள் போவதற்கு முன் கேட்டு வாங்கிக்கொண்டோம். இங்கிரிட். அவர் அம்மாவின் பெயராம்.

மூன்று வாரம் கழித்துக் குழந்தையோடு பஸ்ஸில் திரும்பினோம். மாமா தூங்கிவிட்டார். அக்கா அந்த மூன்று வாரமும் என்னோடு பேசவில்லை. மலை தெரிய ஆரம்பித்ததும் சட்டென்று குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"புடி. வெள்ளக்காரம்மா பொண்ணு ஒண்ணுக்குப் போயிட்ச்சி."

பிடித்துக்கொண்டேன். வேட்டி நனைந்தது.

"எறங்கற வரைக்கும் கைய எடுத்த, வெட்டிப்புடுவேன்."

கையை எடுக்கவில்லை. சட்டைப்பையில் பீடிக் கட்டு இருந்தது. அதைப் பார்த்தபடி அக்கா ஊர் வரைக்கும் வந்தாள்.