உள்ளே இழுத்த ஆமாம்

வடகோடிப் பனித்தீவு ஒன்றில் நடந்த அந்தப் பிப்ரவரிச் சுற்றுலாவுக்குக் கம்பெனி முதலாளி ப்ராண்டுரே பஸ் ஏறி வந்துவிட்டான். வந்திருந்த எட்டு வெளிநாட்டுக்காரர்களில் இரண்டு பேர் பெரிய பயணப் பத்திரிகை ஒன்றிலிருந்து வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் தன் மூஞ்சியைக் காட்டாமல் இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. வண்டி ஓட்டுவதும் வழிகாட்டுவதும் ஸ்வாவாவின் வேலை. அவள் முதுகுக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் அளந்துகொண்டே வந்தான்.

முதல் நாள் அருவி. சாரல் பட்டுப் பட்டு வேலிக் கயிறெல்லாம் மணிக்கட்டுத் தடிமனுக்கு உறைந்து கிடந்தது. ஸ்வாவா குனிந்து ஒவ்வொருவர் பூட்ஸிலும் பனியில் வழுக்காமலிருக்க ஆணிப்பட்டையை மாட்டிவிட, ப்ராண்டுர் அருவியைத் தானே செதுக்கிவிட்டதுபோலப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி வாசலில் துருவ ஒளி வந்து வானம் பச்சையாக அசைய ஆரம்பித்தது.

"பாத்தீங்களா? ஏழு மணிக்கு வரணும்னு சொல்லி வெச்சிருந்தேன்" என்றான் ப்ராண்டுர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்வாவா சிரிக்கவில்லை. வானத்து வெளிச்சத்துக்குக்கூடச் சொந்தம் கொண்டாடுகிறவன், தான் சொன்ன ஒரே ஒரு 'ஆமாம்' மட்டும் தன்னுடையதில்லை என்று சாதித்துவிட்டானே!

அந்தத் தீவுக்காரர்கள் பேச்சில் சிக்கனம். 'ஆமாம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் பாதி நேரம் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள். சொல்லும் அந்த இழுப்போடு உள்ளே போய்விடும். காப்பி வேணுமா, ஒரு இழுப்பு. நாளைக்கு வர்றியா, ஒரு இழுப்பு. புதிதாக வருகிறவர்கள் ஏதோ நெஞ்சுவலி என்று பயந்துபோவதும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன், இதே கம்பெனியில் வழிகாட்டியாக இருந்த ஸ்வாவாவின் தம்பி ஓர்ரி, ஆறு பயணிகளோடு பனிக்குகை வாசலில் நின்றான். அதற்கு முந்தைய இரண்டு நாளும் மழை. வாக்கிடாக்கியில் ப்ராண்டுரைக் கூப்பிட்டான். "மேலேருந்து தண்ணி கொட்டுது. இருந்தாலும் உள்ள கூட்டிட்டுப் போகவா?" ப்ராண்டுர் மூச்சை இழுத்தான். ஓர்ரி போனான். கூரை பெயர்ந்து விழுந்தது. ஆறு பேரில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி உயிரோடு வெளியே வரவில்லை.

விசாரணையில் வாக்கிடாக்கிப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஓர்ரியின் கேள்வி, அப்புறம் ஒரு 'ஸ்ஸ்', அவ்வளவுதான். "வேண்டாம்னு சொல்ல மூச்செடுத்தேன். அதுக்குள்ள அவன் வெச்சுட்டான்" என்று வாய் கூசாமல் சொன்னான் ப்ராண்டுர். பொய் என்று தெரியாதவர் அந்த அறையில் யாருமில்லை. ஆனால் ஒரு மூச்சுக்கு யார் சாட்சி சொல்வது? பழி முழுக்க ஓர்ரி தலையில் விழுந்தது, வழிகாட்டி லைசென்ஸும் போனது. இப்போது துறைமுகத்தில் மீன் தலை வெட்டுகிறான். கடைக்குப் போனால் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ஸ்வாவா மட்டும் ப்ராண்டுரிடம் வேலையை விடவில்லை. ஊர் அவளைக் காறித் துப்பாத குறைதான்.

"உன் தம்பி வாழ்க்கையில மண்ணைப் போட்டவனுக்கே பஸ் ஓட்டுறியே, வெக்கமா இல்லையாடி உனக்கு?" என்று நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் பத்துப் பேர் நடுவில் ஒருத்தி கேட்டாள்.

"சம்பளம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கழுத்துவரை முங்கிக்கொண்டாள் ஸ்வாவா.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இழுத்த மூச்சு ஆமாம்தான் என்று ப்ராண்டுர் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். அது கிடைத்தால் ஓர்ரியின் வழக்கைத் திரும்ப எடுப்பார்கள். இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தாள்.

இரண்டாம் நாள் பனியாறு. ஸ்வாவா எல்லோரையும் ஒரே கயிற்றில் பிணைத்தாள். ப்ராண்டுர் மட்டும் தட்டிவிட்டான். "எனக்கெதுக்குக் கயிறு? நான் பொறந்ததுலேருந்து இதுமேலதான் நடக்குறேன்."

அவள் முன்னால் போய்க் கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இடது பக்கம், நீலப் பனிச்சுவருக்கு முன்னால் ஒரு சின்ன மேடு. மூன்று மீட்டர் கம்பு பிடிவரைக்கும் இறங்கியது. அடி தட்டவில்லை. மேலே இருப்பது வெறும் பனி மூடி, கீழே பிளவு. இப்படிப்பட்ட இடத்தில் சிவப்புக் கொடி நட வேண்டும். கொடியைக் கையில் எடுத்தும்விட்டாள். அதற்குள் பத்திரிகைக்காரர்களைக் கேமராவை எடுக்கச் சொல்லிவிட்டு ப்ராண்டுர் வந்தான்.

"அந்த மேட்டுல நின்னா பின்னாடி நீலம் நல்லா விழும். போலாமில்ல?"

ஆழம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. செத்தாலும் செத்துப்போவான். தெரிந்தேதான் கொடியைப் பைக்குள் திரும்பச் செருகினாள். அவன் முகத்தை நேராகப் பார்த்து, மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள்.

ப்ராண்டுர் நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் ஆளைக் காணோம்.

அலறிய கூட்டத்தை இருந்த இடத்திலேயே உட்காரவைத்தாள். பனியில் திருகாணியை இறக்கிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். நாலு மீட்டர் கீழே, கட்டில் அகலத்துக்கு ஒரு பனித்திட்டு. அதன்மேல் கிடந்தான். திட்டுக்குக் கீழே ஒரே இருட்டு. செத்தவன் கையெழுத்துப் போடமாட்டான்; அவன் உயிரோடு இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. அவன் இன்னும் கத்துகிறானே என்று கொஞ்சம் ஏமாற்றம்.

"ஸ்வாவா! தோள் போச்சு! போலாம்னு சொன்னியே!"

"நான் எங்க சொன்னேன்?"

"மூச்சிழுத்தியே!"

"வேண்டாம்னு சொல்ல மூச்செடுத்தேன் ப்ராண்டுர். அதுக்குள்ள நீ போயிட்ட."

கீழே ப்ராண்டுர் வெடித்தான். "ஏமாத்துறியா? மூச்சிழுத்தா ஆமாம்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்டி! உன் லைசென்ஸைப் புடுங்கி உன்னை உள்ள தள்ளல, என் பேர் ப்ராண்டுர் இல்ல!"

"தாராளமா. மறக்காம எழுதிக் குடு" என்று சொல்லிக் கயிற்றை இறக்கினாள்.

எழுதிக் கொடுத்தான், போலீசுக்கே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே மூன்று பக்கம் எழுதினான். அவன் மூளையைவிட அவன் கோபம் வேகமாக ஓடும். இரண்டு வருஷம் கூடவே இருந்தவளுக்கு அது தெரியாதா? 'வழிகாட்டி மூச்சை உள்ளிழுத்துத் தெளிவாகச் சம்மதம் சொன்னார். இந்த நாட்டில் அதற்கு வேறு பொருள் கிடையாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

அடுத்த வாரம் ப்ராண்டுர், ஸ்வாவா, ஓர்ரி மூன்று பேரையும் காவல் அதிகாரி ஹெர்தீஸ் கூப்பிட்டனுப்பினாள். ஓர்ரியின் விசாரணையை நடத்தியவளும் அவள்தான். மேஜைமேல் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது நீ அன்னிக்குச் சொன்ன வாக்குமூலம். இது உன் புகார். ரெண்டுலயும் உன் கையெழுத்துதான். எதை நம்பச் சொல்ற?"

தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்த ப்ராண்டுரின் முகம் செத்துப்போனது. ஓர்ரியைப் பார்த்தான், ஸ்வாவாவைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். வேண்டாம்னு சொல்லத்தான் மூச்செடுத்திருப்பா, பாவம். நான்தான் அவசரப்பட்டேன்."

ஹெர்தீஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "ஸ்வாவா, யோசிச்சுச் சொல்லு. அவன் சொல்றதுதான் நிஜம்னா இத்தோட முடிஞ்சுது, உன் தம்பி கேஸும் பழையபடிதான், நீ வீட்டுக்குப் போலாம். நீ இழுத்தது ஆமாம்தான்னா, அப்ப ஒரு ஆளைத் தெரிஞ்சே பிளவுமேல அனுப்பியிருக்க. அதுக்கு ஜெயில்."

ஓர்ரி அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "வேணாம்க்கா. நான் மீனே வெட்டிக்கிட்டு இருந்துட்டுப் போறேன்."

அவள் அவன் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்தாள்.

"ஆமாம்தான் சொன்னேன்" என்றாள், அந்த அறைக்கு அவசியமே இல்லாத அளவுக்கு உரக்க. "கம்பு அடி தட்டலன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். விழட்டும்னுதான் சொன்னேன். அது ஆமாம்னு தெரிஞ்சுதான் இவனும் நடந்தான். என் தம்பியும் அப்படித்தான் நடந்தான். ஒண்ணு விடாம எழுதிக்கோ."

ஹெர்தீஸ் எழுத ஆரம்பித்தாள். ப்ராண்டுர் குடிக்கத் தண்ணீர் கேட்டான். யாரும் எழுந்திருக்கவில்லை.