கருகின ஓரம்

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவள் கணவனின் மூக்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு என்னவோ முகத்தில் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் கண்ணாடியைத் தாங்குவதைத் தவிர வேறு வேலை எதையும் அது செய்யவில்லை. நாக்கும் அதைப் பார்த்துக் கெட்டுப்போய்ச் சும்மா கிடந்தது.

"பழகின வாசனையாப் பார்த்துக் காட்டிக்கிட்டே இருங்கம்மா. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

அவளும் காட்டினாள். காபித்தூள், சோப்பு, எலுமிச்சம்பழம், பீரோவிலிருந்து பூச்சி உருண்டை. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் அவருடைய சாக்ஸையே எடுத்து மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நல்லா இருக்கும்மா" என்றார்.

இந்த 'நல்லா இருக்கு'தான் அவள் உயிரை வாங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. செருப்புக்கடையில் வேலை பார்த்தவர். காலைப் பார்த்ததுமே அளவு சொல்லிப் பழகிய வாய், தட்டைப் பார்த்ததும் குறை சொல்லும். உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். வெங்காயம் இன்னும் வதங்கியிருக்கணும். முட்டையை இவ்வளவு நேரமா அடுப்பில் வைப்பாங்க? அந்த வாயை அவள் திட்டாத நாளில்லை. இப்போதோ எதை வைத்தாலும் நல்லா இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஒருநாள் காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். சொட்டு விடாமல் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று டம்ளரைக் கழுவியும் வைத்தார். அவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே புரியக் கொஞ்சம் நேரமானது. குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் கவனிக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஒரு மனுஷன் வேளை தவறாமல் அவள் கையைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறான். இப்போது வீட்டில் இருப்பது மரியாதை தெரிந்த விருந்தாளி. விருந்தாளியோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்த முடியும்?

அப்போதுதான் அவளுக்கு, ஊரே 'மாமனார் கடை' என்று சொல்லும் அந்தக் கடை ஞாபகம் வந்தது.

நகரத்தின் நடுவே, சினிமா தியேட்டரை ஒட்டின சந்தில் இருக்கும் பீட்சா கடை அது. அவள் அந்தத் தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எதிரில் அவர் வேலை பார்த்த செருப்புக்கடை. பீட்சா கடைக் கிழவரின் அடுப்பில் இடது மூலை மட்டும் சூடு அதிகம். அங்கே வேகும் துண்டுகள் எப்படியும் கருகிவிடும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்துப் பாதி விலைக்குக் கொடுப்பார். இருவரும் ஒரு துண்டு வாங்கி, இரண்டாக மடித்து, நின்றபடியே, மாற்றி மாற்றிக் கடிப்பார்கள். அவர் உதடெல்லாம் கரியாக, "கருக்கிட்டாரு பாரு" என்று சலித்துக்கொண்டே பெரிய கடியாகக் கடிப்பார். காதலுக்கு ஒரு வாசனை உண்டென்றால் அவளுக்கு அது கருகல் வாசனைதான்.

இப்போது கடையை நடத்துவது கிழவரின் மருமகன். புது அடுப்பு, புதுப் பெயர், புதுப் பலகை. ஊரென்னவோ இன்னும் கிழவரை வைத்து மாமனார் கடை என்றுதான் சொல்கிறது. நாற்காலி அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. நின்று சாப்பிடத் தெருவைப் பார்த்துப் போட்டிருந்த பலகையில் முழங்கையை ஊன்றிக்கொள்ளும்படி கணவனை நிறுத்திவிட்டு அவள் அடுப்புப் பக்கம் போனாள்.

"தம்பி, ஒரு துண்டு. நல்லாக் கருக்கிக் கொடுங்க."

"என்னக்கா சொன்னீங்க?"

"ஓரமெல்லாம் கறுப்பாகணும்."

"இது புது அடுப்புக்கா. என் கையில எதுவும் கருகாது."

"கொஞ்சம் கூட நேரம் வெச்சா கருகுமில்ல?"

"வைக்க மாட்டேன். கடை பேரு என்னாகிறது?" துண்டை உள்ளே தள்ளி, எடுப்பதற்குத் தயாராக நீளக் கரண்டியோடு நின்றார்.

வரிசையில் பின்னால் நின்ற தபால்காரர், "எனக்குக் கருகாம, சீக்கிரமாக் கொடுங்க" என்றார்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்க. உங்க மாமனாரா இருந்தா செஞ்சிருப்பாரு."

மருமகன் அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். "அவரா? அவருக்கு அடுப்பு பத்தி என்னக்கா தெரியும்? மாவு பிசையக் கத்துக்கொடுங்கன்னா கல்லாவுல உட்காருன்னாரு. கல்லாவுல உட்கார்ந்தா சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாரு."

"அட!"

"கல்யாணத்தன்னைக்கே என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை, தக்காளி நறுக்குவீங்களான்னு கேட்டாருக்கா!"

"அடப்பாவமே! நறுக்குனீங்களா?"

"பட்டு வேட்டியோட!"

அடுப்பிலிருந்து மெல்லிசாக ஒரு புகை நூல் கிளம்பியது. தபால்காரர் வாயைத் திறந்தார். அவள் அவர் காலை மிதித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சமே கொஞ்சம் என்று அவள் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது தெருப்பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏம்ப்பா! கருகுது, கருகுது!"

மருமகன் துள்ளித் திரும்பித் துண்டை வெளியே இழுத்தார். அவளுக்குத் தலைக்கேறியது. நேராகக் கணவனிடம் போனாள்.

"உங்களை யாரு கேட்டா? இவ்வளவு பாடுபட்டு அவரைப் பேச வெச்சுக்கிட்டிருக்கேன். வாயை மூடிக்கிட்டு சும்மா நிக்க முடியாதா?"

"கருகுதேம்மா, சொல்லாம எப்படி இருக்கிறது?"

"இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா..."

அவள் நிறுத்தினாள். அவருடைய முதுகுதான் அடுப்பைப் பார்த்திருந்தது. முகத்துக்கு எதிரே தெருவும், சாய்ந்து நின்ற ஒரு சைக்கிளும் மட்டும். அவரும் சைக்கிளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்தார், யாரோ ஊரிலிருந்து வந்திருப்பதைப் போல.

"வேற போட்டுத் தரேங்க்கா. இதைக் குப்பையில..."

"அதுல கை வெச்சீங்க, தெரியும் சேதி!"

துண்டைப் பிடுங்கி வந்து, பழையபடி மடித்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் கடித்தார். மென்றார். நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதே, சொல்லிடாதே என்று அவள் முந்தானையைத் திருகினாள்.

அவர் முகம் சுளித்தார்.

"சுமார்தான். ஓரம் தீஞ்சிருக்கு, நடுவுல ஒண்ணும் இல்ல. மாமனார் கருக்கினாருன்னா சீராக் கருக்குவாரு. இவருக்குக் கருக்கக்கூடத் தெரியல."

அடுப்பருகே கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையிலிருந்த துண்டில் தன் பங்குக்கு ஒரு பெரிய கடி கடித்தாள். பிறகு கரி உதட்டோடு திரும்பி, வாய் நிறையக் கூவினாள்:

"தம்பி, இன்னொரு துண்டு! இந்தத் தடவை இவரையும் பக்கத்துல நிறுத்திக்கங்க. எதுல எவ்வளவு கம்மின்னு இவரே சொல்லுவாரு!"