வெறுங்கொட்டான்

ஏதாவது ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொன்னான் ரகுநாத்.

மரிய செல்வி சுவரோரம் இருந்த ஒன்றைக் காட்டினாள். அவள் கணவன் ஜெரால்டு டேப்பைக் கிழித்தான். உள்ளே தாளில் சுற்றிய ஓலைக் கொட்டான்கள். ஒவ்வொன்றும் கையில் அடங்கும் அளவு. சிவப்பும் பச்சையும் கலந்து பின்னிய சிறு கூடைகள். மூடி போட்டவை.

சாயங்காலம் லோடு திருச்சிக்குப் போக வேண்டும். அங்கிருந்து தூத்துக்குடி, பிறகு கப்பல். ரகுநாத் வேலை பார்த்தது திருச்சியில், ஒரு நியாய வணிக நிறுவனத்தில். செய்கிறவர்களோடு உட்கார்ந்து விலை பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்து, வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள். கடைசிச் சோதனைக்காக பைக்கில் வந்திருந்தான்.

ஆவூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில் எட்டுப் பெண்கள் கொட்டான் பின்னினார்கள். அதுவரை பொன்னமராவதி வியாபாரி ஒருவருக்குத்தான் கொடுத்தார்கள். அவர் சொன்னது விலை. மழைக்காலத்தில் ஓலையில் பூசணம் பிடித்தால் நஷ்டம் அவர்களுடையது. பூசணம் பிடிக்காமல் ஓலை காய, மரிய செல்வி மகளிர் கூட்டமைப்பில் கடன் வாங்கித் தகரக் கொட்டகை போட்டாள். மற்ற ஏழு பேரும் ஜாமீன் நின்றார்கள். கொட்டகை போட்ட பிறகு வந்த முதல் ஆர்டர் இது.

அவளுக்கு அதில் இன்னொன்றும் இருந்தது. ஜெரால்டு குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருந்தான். திரும்பி வருகிறாயா இல்லையா என்று ஏஜென்ட் அன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார்.

"லோடு கெளம்புச்சுன்னா நான் கெளம்பல" என்று ஜெரால்டு காலையில் சொன்னான். உறவுக்காரர் ஒருவரின் லோடு வண்டியை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தியிருந்தான். லோடு கிளம்பாவிட்டால் என்ன என்பதை இருவரும் பேசவில்லை.

ரகுநாத் ஒரு கொட்டானை எடுத்தான். வாயை அளந்தான். ஈரத்துணியால் தேய்த்தான். சாயம் ஒட்டவில்லை. மூடியைத் திறந்தான்.

"இது என்னங்க?"

மரிய செல்வி எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு சிட்டிகை நெல் கிடந்தது.

இன்னொன்றைத் திறந்தான். அதிலும் நெல்.

"யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள் மூக்காயி. மூடி போடுவது அவள் வேலை. பாராட்டுக்குக் காத்திருந்தவள் போல நின்றாள். "எங்க வயல் நெல்லு, தம்பி. அதுக்கு நான் காசு கேக்கல."

"எல்லாத்துலயுமா போட்டீங்க?"

"பின்ன? ஒருத்திக்குப் போட்டு ஒருத்திக்கு விட்டா நல்லாவா இருக்கும்?"

ரகுநாத் கொட்டானைக் கீழே வைத்தான். வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, கப்பல் போற ஊரு துறைமுகத்துல தொறந்து பாப்பாங்க. வெதைன்னு எதுவும் உள்ள போகக் கூடாது. ஒரு நெல்லு கெடைச்சாப் போதும், மொத்த லோடையும் எரிச்சிருவாங்க."

"நெல்லையா எரிப்பாங்க?"

"எல்லாத்தையும்."

"சோறு திங்காத சனமா அது?"

"திம்பாங்க. நெல்லு மொளைக்கும்ல, அதான்."

"மொளைச்சா நல்லதுதானேப்பா."

பின்னுகிறவர்களில் ஒருத்தியான ஜெயராணி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு மரிய செல்வியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மரிய செல்வி அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். அறுநூறு கொட்டான். ஒவ்வொன்றின் உயரத்தையும் அவளே ஸ்கேல் வைத்துப் பார்த்திருந்தாள். கோணல் இருந்தால் பிரித்துப் பின்னச் சொன்னாள். நெல்லைப் பற்றி நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் அவளும் ஒரு சிட்டிகை போட்டிருப்பாள். கொட்டானை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. அப்படிக் கொடுத்தவர்கள் யாரும் இல்லாததால் சொல்ல வேண்டி வரவில்லை.

"இன்னைக்கு விட்டா?" என்று கேட்டாள்.

"கப்பல் போயிரும். கடைக்காரங்களுக்குப் பண்டிகைக்கு முன்னாடி சரக்கு வேணும். தாமசமானா வேணாம்னுருவாங்க."

ஜெரால்டு அடுத்த பெட்டியின் டேப்பைக் கிழித்தான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூடியைத் திற, கவிழ், தட்டு. பின்னலின் மடிப்பில் மாட்டிக்கொண்ட நெல் தட்டினால் விழவில்லை. அவர்களில் மெர்லின் எழுந்து கடைக்குப் போய்ப் பல் தேய்க்கும் பிரஷ் வாங்கி வந்தாள். பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்தார்கள். கோழிகள் கொட்டகைக்குள் வந்துவிட்டன. விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தன.

"விடு, திங்கட்டும்" என்றாள் ஜெயராணி. "கப்பல்ல போக வேண்டிய நெல்லு."

"என்னைக் குத்திக் காட்டுறியா?" என்றாள் மூக்காயி.

"ஒன்னையச் சொல்லல. கோழியச் சொன்னேன்."

"கோழிக்கு மறுவார்த்தை பேசத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ரகுநாத் சுத்தம் செய்த ஒவ்வொன்றையும் செல்போன் விளக்கில் பார்த்தான். சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தான். யாரும் முணுமுணுக்கவில்லை. மூக்காயிதான் அதிகம் தேய்த்தாள். பிரஷ்ஷின் நார் மழுங்கும் வரை தேய்த்தாள்.

மதியச் சோற்றுக்குப் பிறகு எல்லாக் கொட்டானும் சுத்தமாகிவிட்டன. இனித் தாளில் சுற்றி அடுக்கி டேப் ஒட்ட வேண்டும். மரிய செல்வி தாள்களைப் பிரித்து வைத்தாள். மூக்காயி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சுத்துங்கக்கா."

"நான் சுத்த மாட்டேன்."

"ஏன்?"

"வெறுங்கொட்டான் செல்வி. எழவு வீட்டுக்குக் கொண்டு போனதைத்தான் வெறுசாத் திருப்புவோம். வாங்குறவ தொறந்து பாத்தா என்ன நெனைப்பா? என் கையால அதைக் கட்ட மாட்டேன்."

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா" என்றான் ரகுநாத்.

"எனக்குத் தெரியுமே தம்பி."

மரிய செல்வி மற்றவர்களைப் பார்த்தாள். தாளை எடுத்த கைகள் அப்படியே நின்றன.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றாள் ஜெயராணி. "கல்யாணத்துல சர்ச்சுல எனக்குச் சாமியார் மந்திரிச்சுக் குடுத்த கொட்டான்லகூட நெல்லு இருந்துச்சு. இது மொதல் ஆர்டரு. வெறுசா அனுப்பி, அதோட நின்னுபோச்சுன்னா?"

மரிய செல்விதான் குழுத் தலைவி. கட்டுங்கள் என்று சொல்லலாம். கட்டியும் விடுவார்கள். ஆனால் அடுத்த முறை வியாபாரத்தில் சிறு குறை வந்தாலும், நோய் வந்தாலும், ஓலை விலை ஏறினாலும் இந்தச் சாயங்காலத்தைச் சொல்வார்கள். அவளே சொல்வாள்.

"வேற என்ன வைக்கலாம் சார்?"

"எதுவும் வைக்காம இருக்கலாம்."

"அது இல்லாம."

சர்க்கரை வைக்கலாம் என்றாள் மெர்லின். எறும்பு வரும். உப்பு நல்லது என்றாள் ஜெயராணி. உப்பு நீர் விடும், ஓலையில் பூசணம் பிடிக்கும். காசு வைக்கலாமா என்றதற்கு ரகுநாத் தலையில் கை வைத்தான்.

"மாதா படம் சின்னதா ஒண்ணு?" என்றாள் மெர்லின்.

"அப்ப எங்க கருப்பரும் போகணும்" என்றாள் மூக்காயி.

"அருவாளோடயா? துறைமுகத்துல விட மாட்டாங்க" என்றாள் ஜெயராணி.

இந்த முறை மூக்காயியும் சிரித்தாள். ஆனால் கைகள் மடியை விட்டு எழவில்லை.

ஜெரால்டின் செல்போன் அடித்தது. அவன் எடுத்துப் பார்த்தான். யார் என்று மரிய செல்வி கேட்கவில்லை. அவன் அழைப்பை ஏற்காமல், மணி ஓயும் வரை கையில் வைத்திருந்தான்.

அவள் தரையைப் பார்த்தாள். பின்னி முடித்து நறுக்கிய ஓலைத் துண்டுகள் கால்மாட்டில் குவிந்து கிடந்தன. விரல் நீளம், சில அதற்கும் குறைவு. சாயங்காலம் கூட்டி அடுப்பில் போடுவார்கள். ஒன்றை எடுத்தாள். இரண்டாக மடித்து ஒரு முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகினாள். மொட்டுப் போல வந்தது. ஒரு கொட்டானுக்குள் போட்டு மூடி ரகுநாத்திடம் நீட்டினாள்.

"இதே ஓலை. இதே சாயத்துல வேக வச்சது. இது போகுமா?"

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அலுவலகத்துக்குப் போன் செய்தான். வாசலுக்குப் போய்ப் பேசினான். யாரோ காத்திருக்கச் சொன்னது போலிருந்தது. சும்மா நின்றான். பிறகு மறுபடி பேசினான்.

திரும்பி வந்தான். "ஓலைன்னு எழுதியிருக்கு, ஓலை போகுது. போகலாமாம்."

எல்லோரும் மூக்காயியைப் பார்த்தார்கள். அவள் மொட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அவிழவில்லை.

"வெறுசுக்கு இது தேவல" என்றாள். குனிந்து ஒரு துண்டை எடுத்தாள்.

ரகுநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஒண்ணு கட்ட எவ்வளவு நேரம் ஆகுது, செஞ்சு காட்டுங்கக்கா."

"எதுக்கு?"

"கூலி போடணும்."

மூக்காயி துண்டைக் கீழே போட்டாள்.

"சீருக்குக் கூலியா?"

"எங்க விதி அது. கூலி குடுக்காம எந்த வேலையும் வாங்கக் கூடாது. அப்படிச் சொல்லித்தான் கடைக்காரங்க விக்கிறாங்க. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"கூலி வாங்கிட்டு வச்சா அது சரக்கு, தம்பி. நான் வைக்கிறது சரக்கு இல்ல. ஒங்க வீட்டுக் கல்யாணத்துல மொய் வைக்க வந்தவங்களுக்குக் கூலி குடுத்தீங்களா?"

"அக்கா, அது வேற."

"எது வேற?"

அவன் சொன்னதும் தப்பில்லை. பொன்னமராவதியில் அவர்கள் வருஷக்கணக்கில் கூலி இல்லாமல் செய்ததுதான் அதிகம். மூடிக்குக் கூலி கிடையாது. சாயம் வேக வைக்கக் கூலி கிடையாது. முதல் நாள் இங்கே வந்தபோது ரகுநாத் அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு விலையில் சேர்த்தான். அன்று மூக்காயி அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

வெயில் கொட்டகையின் மேற்குப் பக்கத் தகரத்துக்கு வந்துவிட்டது.

"சார்" என்றாள் மரிய செல்வி. "கொட்டானுக்குக் கூலி போட்டப்ப, நாங்க டீ குடிக்கிற நேரத்தையும் சேத்துத்தானே போட்டீங்க?"

"ஆமா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"இன்னைக்கு ரெண்டும் குடிக்கல. காலையிலேருந்து நெல்லு தட்டுறோம். டீ நேரத்துல நாங்க ஊர்க்கதை பேசுவோம், பேன் பாப்போம், கைக்கு வந்ததை முடிச்சுப் போடுவோம். அதுல ஒங்களுக்கு என்ன சார்?"

ரகுநாத் அவளைப் பார்த்தான். மூக்காயியைப் பார்த்தான். பிறகு கொட்டகைக்கு வெளியே போய், நாற்காலியை ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் ஒரு டீ சொல்லுங்க" என்றான்.

டீ போட்டது ஜெரால்டு. குவைத்தில் அவன் அறையில் டீ அவன் பொறுப்பு. பெரிய சட்டியில் பால் ஊற்றி ஏலக்காய் தட்டிப் போட்டான். டம்ளர்கள் போதவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வந்தான்.

பெண்கள் டீ குடித்தார்கள். குடித்துக்கொண்டே முடிச்சுப் போட்டார்கள். முதலில் மொட்டு மொட்டாக வந்தது. பிறகு கை பழகி ஒவ்வொருத்தியும் தன் விருப்பத்துக்கு மாற்றினாள். ஜெயராணியுடையது மீன் போல இருந்தது. மெர்லின் சிலுவை போட்டாள். தெரியாமல் வந்ததாகச் சொன்னாள். மூக்காயி நெல் போலவே நீளமாக, நுனி கூராகக் கட்டினாள்.

ரகுநாத் டம்ளரைக் காலி செய்து எழப் பார்த்தான்.

"ஏப்பா ஜெரால்டு" என்று மூக்காயி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "தம்பிக்கு இன்னொரு டீ ஊத்து. இன்னும் பாதி இருக்கு."

அவன் இன்னொரு டீ குடித்தான். அதற்குப் பிறகும் ஒன்று குடித்தான்.

தாள் சுற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வந்தான். நாலைந்தைத் திறந்து விளக்கில் பார்த்தான். நெல் இல்லை. உள்ளே இருந்த ஓலை முடிச்சு ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மூக்காயி அதற்குப் பதிலாக வேறொன்றை வைத்து மூடினாள்.

பொழுது சாய்வதற்குள் அட்டைப்பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். ஜெரால்டு தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினான். செல்போன் மறுபடி அடித்தது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தான்.

"சொல்லுங்கண்ணே."

மரிய செல்வி வண்டியின் மறுபக்கத்தில் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே. கெளம்பிட்டேன்தான். குவைத்துக்கு இல்ல, திருச்சிக்கு." அங்கே ஏதோ சத்தமாகப் பேசினார்கள். அவன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். "இங்க வருமானம் கம்மிதாண்ணே. தெரியும். சரிண்ணே. வச்சிர்றேன்."

போனைப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். அது ஏற்கனவே இறுக்கமாக இருந்தது.

மரிய செல்வி இந்தப் பக்கம் வந்தாள்.

"சாப்பிட்டுப் போறீங்களா?"

"வந்து சாப்பிடுறேன். என்ன வைப்ப?"

"என்ன வேணும்?"

"மீனு."

"இந்நேரத்துல மீன்காரன் எங்க வாரான்? வரும்போது நீங்களே வாங்கிட்டு வாங்க. வண்டி ஒங்க கையிலதானே இருக்கு."

அவன் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். ரகுநாத் பைக்கில் பின்னால் போனான். மூக்காயி வாசலில் நின்று, வளைவில் வண்டி திரும்பும் வரை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து காலை நீட்டினாள்.

மரிய செல்வி அடுப்பில் மிளகாய் வறுக்க வைத்தாள். எந்த மீன் வந்தாலும் மசாலா ஒன்றுதான்.