ஐந்து டிகிரி மாமா

மாமாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. கெடுத்தால் முழுசாகக் கெடுப்பார். ஓட ஆரம்பித்தார், முட்டி போனது. பட்டினி கிடக்க ஆரம்பித்தார், லிஃப்டில் மயங்கி விழுந்தார். இப்போது குளிர்நீர்க் குளியல். காப்பீட்டு அலுவலகத்தில் அவருடைய மேலாளர் தினமும் நான்கு டிகிரி தண்ணீரில் உட்கார்ந்து எழுந்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறாராம். அது போதாதா? அடுத்த வாரமே குளிரூட்டும் மெஷினோடு ஒரு தொட்டி வீட்டுப் பின்பக்கம் வந்து இறங்கிவிட்டது.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற மனுஷன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"இறங்காம இருக்கறதே நல்லது. கேக்க மாட்டீங்கன்னா, பதினஞ்சு டிகிரிக்குக் கீழ போகாதீங்க. மெதுவா இறங்குங்க. ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்துடணும். பக்கத்துல ஆள் இருக்கணும்."

இத்தனையில் மாமாவின் காதில் ஏறியது 'இறங்குங்க' மட்டும்தான்.

மாமாவைக் கட்டிக்கொண்ட அக்கா தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக்.

"அஞ்சுலதான் வைப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறார்டா. எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது பண்ணு."

பண்ணினான். உள்ளதை விடப் பத்து டிகிரி குறைத்துக் காட்டும்படி மெஷினை மாற்றி வைத்தான். தண்ணீர் பதினைந்து, திரையில் ஐந்து. மாமா அதில் உட்கார்ந்து பல் தந்தியடிக்க, "சாதாரண ஆளா இருந்தா இந்நேரம் உயிர் போயிருக்கும் மாப்ள" என்றார். "நீங்க இரும்பு மாமா" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கத் துண்டெடுக்கும் சாக்கில் உள்ளே போனான் தம்பி.

அலுவலகத்தில் அவர் 'ஐந்து டிகிரி' ஆனார். கேன்டீனில் நெஞ்சை நிமிர்த்தி வகுப்பெடுத்தார். மேலாளருக்கு அது பொறுக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மொத்தத்தையும் தன் வீட்டு மொட்டைமாடிக்கு அழைத்தார். துண்டு தூக்கத் தம்பியும் போனான்.

அங்கே தொட்டியில் ஐஸ் கட்டிகள் மிதந்தன. தம்பி விரலை விட்டுப் பார்த்தான். எலும்பு வரை வலித்தது. இது நிஜமான நான்கு.

"நம்மாளுக்கு இதெல்லாம் வெந்நீர்" என்றார் மேலாளர்.

"பழகின உடம்பு சார். ஒரே குதிதான்" என்று மாமா சட்டையைக் கழற்றினார்.

"மாமா, வேணாம். வீட்டுக்குப் போலாம்" என்று தம்பி காதோரம் கெஞ்சினான்.

"ஓரமா நில்லு மாப்ள."

சொன்னால் மாமாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் மாமாவே போய்விடுவார்.

"நம்ம வீட்டுத் தண்ணி அஞ்சு இல்ல மாமா, பதினஞ்சு" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் மாத்தி வச்சேன்."

கணக்குப் பிரிவு ஆள் யாரோ தொடங்கிவைக்க, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேலாளருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மாமாவின் முகம் செத்துவிட்டது. "இவன் சும்மா விளையாடறான்" என்று வீம்புக்கு ஒரு காலைத் தொட்டியில் வைத்தார். அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. தம்பி அவர் தோளைப் பிடித்து இழுத்தான்.

"கால்ல சின்னக் காயம் இருக்கு. இன்னொரு நாள் பாத்துக்கலாம் சார்" என்றார் மாமா. அதற்கும் சிரித்தார்கள்.

தம்பி காரை ஓட்டினான். நாறடிக்கப்போகிறார் என்று காத்திருந்தான். மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார்.

"ஒரு கால்தான்டா வச்சேன்" என்றார் கடைசியில். "நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிஞ்ச மாதிரி இருந்துது. இன்னும் முழுசா விடல. அக்காகிட்ட சொல்லிடாத."

"எதை மாமா?"

"நான் பயந்துட்டேன்னு."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு, தம்பி காரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான். எல்லா ஊருக்கும் வழி சொல்கிற மாமா, எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை.