ஏரிக்கரைக் கோயிலின் பெயர்க்கல்

மேல்வான் விளிம்பில் சாய்ந்த கதிரவன் தன் இறுதிப் பொற்கதிர்களை உத்திரமேரூர்ப் பேரேரியின் மேல் பரப்ப, அறுவடை முடிந்த வயல்களின் தாளிடையே கொக்கினம் வெண்பூச் சிதறியதுபோல் அமர்ந்து இரைதேட, மதகினின்று கசிந்த நீர் கால்வாய்தோறும் மெல்லென நடக்கும் இவ்வெள்ளிக்கிழமை மாலையில், பனைகளுக்கிடையே சுண்ணமேனி பூத்து நிற்கும் சிறுகோயிலொன்றைக் காண்பீராக, படிப்பவரே. அதற்குத் தேரில்லை, மதிலில்லை. கூரையுச்சியில் ஒரு சிலுவையும், அதன்கீழ் ஒரு மணியுமே உள. பிறர் நிலத்தில் பகலெல்லாம் நாற்று நட்டுக் களை பறித்த நிலமிலா மக்கள், பொழுது சாய்ந்தபின் செங்கல் சுமந்து எழுப்பிய இறைமனை அது. வரும் ஞாயிறன்று அதற்கு நூறாண்டு நிறைகின்றது.

அதன் நினைவாக, கோயிலைச் சேர்ந்த நாற்பத்திரண்டு குடிகளின் பெயர்களையும் கருங்கல்லில் பொறித்து, சாலையை நோக்கிய முகப்புச் சுவரில் பதிப்பதென ஆயர் டேனியல் முடிவுசெய்திருந்தார். பெயர் தரக் கையுயர்த்தியோருள் முதல்வன் களத்துக் கூலியாள் ஏசுதாஸ். தந்தையின் கை உயர்ந்த அந்நொடியே மகளின் நெஞ்சில் அச்சம் குடியேறிற்று.

ஏனெனில், பதினேழு அகவையுடைய அப்பெண்ணுக்குப் பெயர் இரண்டு. திருமுழுக்கு நீர் நெற்றியில் விழுந்த நாள்முதல் அவள் ஏஞ்சல். அரசின் ஏட்டிலோ பரிமளா. தந்தையும் அங்ஙனமே, கோயிலில் ஏசுதாஸ், தாளில் கோபால். ஒடுக்கப்பட்ட குலத்தார்க்கென அரசு திறந்துவைத்த இடஒதுக்கீடு என்னும் வாயில், அவர்கள் சிலுவையைத் தொழுவாராயின் மூடிக்கொள்ளும். அவர்கள்மேல் இழிவைச் சுமத்திய ஊரோ, எக்கடவுளைத் தொழினும் அச்சுமையை இறக்கியதில்லை. அவ்வாயில் வழியேதான் அவளுக்குச் செவிலியர் கல்லூரியில் ஓர் இடம் வாய்த்திருந்தது. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நாள் திங்கட்கிழமை. கல்லைத் திறக்கும் நாள் அதற்கு முந்தைய ஞாயிறு. பேழைக்குள் பூட்டிக் கிடக்கும் திருமுழுக்கேட்டை எவரும் காணார். சாலையோரக் கல்லையோ வழிப்போக்கனும் காண்பான்.

ஆகவே அவள், ஒருவரும் அறியாமல், கல்வெட்டும் உபைதுல்லாவின் பட்டறையை அடைந்தாள். கல்லறைக் கற்களுக்கும் கடைகால் கற்களுக்கும் நடுவே, தார்ப்பாயால் மூடப்பெற்ற பெருங்கல்லொன்றின் அருகில் அவர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, தனியா வந்துகீற?"

"பாய், கோயில் கல்லுல எங்க நைனா பேரு வெட்டிகீதா? ஏரிக்கரத் தெரு ஏசுதாஸு."

உளி ஒருகணம் நின்றது. "ஏசுதாஸா. ஏன், எய்த்து தப்பாப் பூடும்னு பாக்க வந்தியா?"

"அந்தப் பேர உட்ருங்க பாய். திங்கக்கெயம எனக்கு வெரிபிகேசன். சர்டிபிகேட்ல நைனா பேரு கோபாலு. எவனாச்சும் கல்ல போட்டோ புடிச்சி அனுப்பிட்டா சீட்டு பூடும். ஒரு வாரமா சோறு எறங்கல. நைனாகிட்ட சொன்னா ஒடஞ்சி பூடுவாரு."

"ஒரு பேரு கொறஞ்சா பல்லு போன வாயாட்டம் தெரியும், பரவால்லியா?"

"தெரிஞ்சா தெரியட்டும்."

"டேனியல் ஐயரு கேட்டா?"

அவள் பெருகிய கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். முதியவர் தார்ப்பாயின் விளிம்பை இழுத்துவிட்டார்.

"அய்வாத. பேரு அவங்கவங்களுது, வேணான்னா வேணாதான். கல்லுக்கும் வாயி கெடையாது, வெட்றவனுக்கும் கெடையாது. வூட்டுக்குப் போ."

ஞாயிறு புலர்ந்தது. மணி முழங்க, பாட்டு எழ, வெண்ணுடை உடுத்த மாந்தர் முகப்பில் வரிசையாய் அமர்ந்திருக்க, ஆயர் திரையை விலக்கினார். அகன்ற அக்கருங்கல்லின் உச்சியில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அவற்றின்கீழ், அமாவாசை வானம்போல், ஓர் எழுத்துமின்றி வழவழப்பாய்ப் பரந்துகிடந்தது கல்.

தந்தையின் சினத்தை எதிர்நோக்கி அவள் திரும்பினாள். அவனோ தரையை நோக்கியிருந்தான்.

"நான்தாம்மா பொதங்கெயம போயி பேர எடுக்கச் சொன்னேன்" என்றான் தாழ்ந்த குரலில். "கைய தூக்கிட்டு, அப்பறம் உன் சீட்டு ஞாபகம் வந்துச்சி. மானங்கெட்டவன்னு நெனச்சிக்காத."

"நானும் வெள்ளிக்கெயம போனேன் நைனா."

அப்போதுதான் அவள் தலைநிமிர்ந்து சுற்றிலும் நோக்கினாள். கல்லில் பெயரில்லாத மற்ற முப்பத்திரண்டு குடியினரும், தத்தம் மக்களின் தோள்மேல் கைவைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் காண நாணி, அவ்வாறே நிலம் நோக்கியிருந்தனர்.

ஒன்பது பெயர்களையும் ஆயர் உரக்கப் படித்தார். அவரவர் எழுந்து நின்றனர். பின்னர் அவர், அந்த வெறுமையின்மேல் விரல்வைத்து, எழுத்திருந்தால் எங்ஙனமோ அங்ஙனமே, வரிவரியாய்ப் பேசாமல் கீழிறக்கலானார். விரல் ஒவ்வொரு வரியைக் கடக்கும்தோறும் ஒரு குடி எழுந்தது. தந்தை எழுந்தான். அவளும் எழுந்தாள். அச்சம் அவளைவிட்டு அகலவில்லை, மறுநாள் காஞ்சிக்குச் செல்லும் பேருந்தில் அதுவும் அவளுடன் ஏறத்தான் போகின்றது.

கடவுளின்முன் அழைக்கப்பெறும் பெயரை, ஈன்ற பிள்ளையின் பொருட்டு விழுங்கிக்கொள்வதினும் கசப்பான பலி ஒன்று உண்டோ, அறியோம். அக்கல்லைக் கடந்து செல்லும் வழிப்போக்கரோ அதன் வெறுமையை ஒருமுறை நோக்கி, வேலை இன்னும் முடியவில்லை போலும் என்று எண்ணி, தம் வழியே போகின்றனர்.